குச்சியைப் பிரித்துப் பார்த்த வாத்தியார்

கண்டக்டர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தோளில் பையும் வாயில் விசிலுமாக நிற்பவர்தான் :) இது இன்னொரு கண்டக்டர். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் சின்னக் குச்சியோடு நிற்பாரே, அவர். "அந்த ஆள் என்னதான் செய்கிறார்? அவர் இல்லாவிட்டாலும் வாசிப்பார்கள்தானே?" என்று பலருக்கும் சந்தேகம் இருக்கும். அதற்கு ஒழுங்காகப் பதில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஜப்பானியர். பெயர் ஹிதேயோ சைட்டோ.

1902ல் டோக்கியோவில் பிறந்தார். அப்பா ஹிதேசபுரோ, ஜப்பானில் ஆங்கில இலக்கணத்துக்குப் பெரிய பெயர். அகராதி எல்லாம் போட்டவர், ஆனால் ஜப்பானை விட்டு வெளியே காலடி வைத்ததே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்நிய மொழி ஒன்றைக் கழற்றி மாட்டிக் கற்றவர். பிள்ளை பிற்பாடு செய்ததும் ஏறக்குறைய இதுதான், மொழிக்குப் பதில் இசை.

பிள்ளையின் வாத்தியம் செல்லோ, அதாவது வயலினின் பெரியண்ணன். ஜெர்மனிக்கு இரண்டு முறை போய், முதலில் லைப்சிக்கில் கிளெங்கலிடமும் பிறகு பெர்லினில் ஃபாயர்மானிடமும் படித்தார். ஊர் திரும்பி, இன்றைய என்.எச்.கே. சிம்பொனியின் முன்னோடியான புதிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் செல்லோக்காரராக இருந்தார். 1936ல் அங்கே யோசப் ரோசன்ஸ்டாக் நடத்துநராக வந்து சேர்ந்தார். யூதர் என்பதால் நாஜி ஜெர்மனியில் வழி அடைபட்டவர், ஒத்திகையில் மகா கறார். சைட்டோ அவரிடமிருந்து நிறையவே எடுத்துக்கொண்டார்.

போர் முடிந்து மூன்றே வருடம். ஊர் இன்னும் முழுசாக எழுந்து நிற்காத 1948ல், சைட்டோவும் நண்பர்களும் டோக்கியோவில் குழந்தைகளுக்கு ஒரு இசை வகுப்பு தொடங்கினார்கள். சோற்றுக்கே திண்டாட்டம், இதில் செல்லோ எதற்கு என்று எனக்கே கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அந்த வகுப்புதான் வளர்ந்து தோஹோ இசைப் பள்ளியாகி, 1961ல் கல்லூரியும் ஆனது.

சரி, குச்சிக்கு வருவோம். தாளம் காட்டும் கை எப்படியெல்லாம் அசைகிறது என்று அவர் வகை பிரித்தார். முக்கியமானது 'ததாக்கி', அதாவது தட்டு. பந்து மேலிருந்து விழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். விழ விழ வேகம் கூடும், தரையைத் தொட்டதும் எகிறும், மேலே போகப் போக வேகம் குறையும். கையும் அப்படி விழுந்தால், தாளம் எந்த நொடியில் விழப்போகிறது என்று வாசிப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பார்த்துவிட்டு வாசித்தால் தாமதம், விழப்போவது தெரிந்து வாசித்தால் சரியாக இருக்கும். அவ்வளவுதான் சூட்சுமம்! அழுத்தம் இல்லாத மெல்லிய இடத்துக்கு, வேகம் மாறாமல் கை நகரும் வேறொரு வகை. இதையெல்லாம் சேர்த்து 1956ல் பாடநூலாகவே போட்டுவிட்டார்.

இசையை இப்படிப் பேரேட்டில் பற்று வரவு எழுதுகிற மாதிரி பிரித்தால் உயிர் போய்விடாதா? (பி.காம். படிக்கிறவனே இதைக் கேட்கிறேன்.) நியாயமான கேள்விதான். ஆனால் ஐரோப்பியப் பிள்ளைக்கு வீட்டிலும் தேவாலயத்திலும் காதில் விழுந்தே வருவது, டோக்கியோப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? இலக்கணம் வழியாகத்தான் வர வேண்டும். அப்பா ஆங்கிலம் கற்ற வழியும் அதுதானே.

மாணவர்களைப் பாருங்கள். ரக்பி ஆட்டத்தில் விரல் ஒடிந்து பியானோவை விட்ட செய்ஜி ஒசாவா, அவரிடம் வந்து சேர்ந்தார். 1959ல் பிரான்சின் பெசான்சோன் போட்டியில் வென்றார், 1973 முதல் 29 வருடம் பாஸ்டன் சிம்பொனியை நடத்தினார். கசுயோஷி அகியாமா வான்கூவர் சிம்பொனிக்குப் போனார். செல்லோவில் சுயோஷி சுத்சுமி, வயோலாவில் நொபுகோ இமாய். வாத்தியார் மகா கோபக்காரர் என்று மாணவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவர் நடத்திய கச்சேரிகளை அல்ல, இந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் உலகத்துக்கு அவரைத் தெரியும்.

1974 ஆகஸ்டில் உடம்பு முடியாத நிலையிலும் மாணவர் முகாமுக்குப் போய் மொசார்ட்டின் டைவர்டிமென்டோ ஒன்றை நடத்தினார். செப்டம்பரில் இறந்துபோனார். பத்து வருடம் கழித்து, உலகமெங்கும் சிதறியிருந்த மாணவர்களை ஒசாவாவும் அகியாமாவும் கூட்டி வந்து நினைவுக் கச்சேரி நடத்தினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் சைட்டோ கினென் ஆர்க்கெஸ்ட்ரா. கினென் என்றால் நினைவு. 1992ல் மட்சுமோட்டோ நகரில் அதே பெயரில் வருடாந்திர விழாவும் தொடங்கியது. 2015ல் விழாவுக்கு ஒசாவாவின் பெயரை வைத்தார்கள். 2024ல் ஒசாவாவும் போய்விட்டார். ஆர்க்கெஸ்ட்ராவின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.