ஆட்சேர்ப்பின் படிவரிசையும் காணொளித் தன்விவரமும்: அமெரிக்க வேலைவாய்ப்புத் தளங்களை முன்வைத்து

விண்ணப்பதாரர் தம்மைப் பற்றித் தாமே பேசிப் பதிவுசெய்யும் சிறு காணொளியை எழுத்து வடிவத் தன்விவரக் குறிப்போடு இணைத்தோ அதற்கு மாற்றாகவோ அனுப்பும் முறை காணொளித் தன்விவரம் எனப்படுகிறது. அமெரிக்க வேலைவாய்ப்புத் தளங்கள் 2000-களின் நடுப்பகுதியிலிருந்தே இதைப் பலமுறை முயன்று பார்த்துள்ளன. 2021 மார்ச்சில் லிங்க்ட்இன் நிறுவனம் பயனர் பக்கங்களில் முப்பது நொடி அறிமுகக் காணொளிக்கு இடமளித்தது. அதே ஆண்டு ஜூலை 7 முதல் 31 வரை டிக்டாக் நிறுவனம் நடத்திய சோதனைத் திட்டத்தில் சிப்போட்லே, டார்கெட், ஷாப்பிஃபை முதலிய நிறுவனங்கள் காணொளி வழியே விண்ணப்பங்களைப் பெற்றன. இம்முறை நன்மை தருமா, பாகுபாட்டை வளர்க்குமா என்ற கேள்விக்கு, ஆட்சேர்ப்பின் எந்தப் படியில் காணொளி பார்க்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

காணொளியின் பயன்மதிப்பு

காணொளிக்கு ஆதரவான வாதத்தின் வலுவான வடிவத்தை, மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் முன்வைத்த குறிப்புணர்த்தல் கோட்பாட்டின் துணையோடு அமைக்கலாம். விண்ணப்பதாரரின் திறனை நேரடியாகக் காண இயலாத முதலாளி, கல்விப் பட்டம் போன்ற புற அடையாளங்களைக் கொண்டு அதை ஊகிக்கிறார் என்றும், திறனுடையோர் எளிதாகவும் திறனற்றோர் அரிதாகவும் பெறக்கூடிய அடையாளமே நம்பத்தக்க குறிப்பாகும் என்றும் அக்கோட்பாடு கூறுகிறது. எழுத்துக் குறிப்பைப் பிறரைக் கொண்டும் மெருகேற்றிக்கொள்ளலாம். பேசும் ஆற்றலையோ மொழிச் சரளத்தையோ அவ்வாறு இரவல் பெறுவது கடினம். எனவே விற்பனை, வரவேற்பு, பயிற்றுவிப்பு போன்ற பணிகளுக்குக் காணொளி மெய்யான செய்தியைத் தருகிறது. கணக்கரோ மென்பொருள் எழுதுநரோ விண்ணப்பிக்கும்போது நிலைமை மாறுகிறது. நல்ல காணொளி உருவாக வேண்டுமெனில் அமைதியான அறை, போதிய வெளிச்சம், தரமான கேமரா, அதன்முன் கூச்சமின்மை ஆகியவை தேவை. இவை வசதியையும் இயல்பையும் காட்டுமேயன்றி அப்பணிகளுக்கு வேண்டிய திறனைக் காட்டா.

முகம் நுழையும் படி

1994-இல் தொடங்கப்பட்ட மான்ஸ்டர் போர்டு முதலான தளங்கள், தேடத்தக்க எழுத்தையே அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தவை. குவியும் குறிப்புகள் சொல்தேடலால் சில பத்தாகச் சுருக்கப்பட்டு, தொலைபேசி உரையாடலுக்குப் பின் சிலரே நேர்காணலுக்கு அழைக்கப்படுவதால், விண்ணப்பதாரரின் முகம் கடைசிப் படிகளில்தான் தெரியவருகிறது. அங்கே போட்டியாளர்கள் குறைவு. முதல் தோற்றம் தரும் எண்ணத்தைக் கேள்வியும் பதிலும் திருத்துவதற்கு வாய்ப்பும் உண்டு. காணொளி தளத்திலேயே இடம்பெறும்போது, நிறம், வயது, கருவுற்ற நிலை, உடற்குறை, பேச்சுவழக்கு ஆகிய அனைத்தும் முதற்படிக்கு வந்துவிடுகின்றன. பலர் மிக விரைவாகக் கழிக்கப்படுவதும், கழித்ததற்கான காரணம் பெரும்பாலும் பதிவாகாததும் அந்தப் படியில்தான்.

அமெரிக்கச் சட்டமரபு இந்த வரிசையை ஏற்கெனவே கவனத்தில் கொண்டுள்ளது. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இனம், நிறம், மதம், பாலினம், பூர்விக நாடு ஆகியவற்றின் அடிப்படையிலும், 1967-ஆம் ஆண்டின் சட்டம் நாற்பதும் அதற்கு மேலும் வயதுடையோர்க்கு எதிராகவும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கின்றன. 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டப்படி, பணி வழங்க முன்வருவதற்கு முன் உடற்குறை பற்றி வினவக் கூடாது. சமவேலைவாய்ப்பு ஆணையமோ, விண்ணப்பதாரரிடம் புகைப்படம் கேட்க வேண்டாம் என்றும், அடையாளத்திற்குத் தேவையெனில் பணி வழங்கப்பட்டு ஏற்கப்பட்ட பின்னரே பெறலாம் என்றும் அறிவுறுத்துகிறது. இவை காணொளியை வெளிப்படையாகத் தடைசெய்யவில்லை எனினும், பிற்படிக்கு உரியதென அவை ஒதுக்கிய செய்திகளைக் காணொளி கேளாமலேயே முற்படியில் வைத்துவிடுகிறது. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் நடத்திய ஆய்வு 2004-இல் வெளியானது. அதில், ஒத்த தகுதிகளிருந்தும் வெள்ளையர் பெயர் தாங்கியவை கருப்பினத்தவர் பெயர் தாங்கியவற்றைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு அதிக அழைப்புகளைப் பெற்றன. பெயர் ஒன்றே இத்தகைய வேறுபாட்டை உண்டாக்குமெனில், முகமும் குரலும் சேரும்போது அது குறையும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

மறைத்தலின் எல்லை

முற்றாக மறைத்தலே தீர்வு என்ற முடிவுக்கும் வர இயலாது. பிரான்சில் ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் கொண்ட நிறுவனங்களுக்குப் பெயரற்ற விண்ணப்பத்தை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 2009-10-இல் நடந்த கள ஆய்விலோ, பங்கேற்ற நிறுவனங்களில் பெயர் மறைக்கப்பட்டபோது சிறுபான்மையினரின் வாய்ப்பு குறைந்ததே தவிர உயரவில்லை. தாமாக முன்வந்த அந்நிறுவனங்கள், முன்பு விண்ணப்பதாரரின் பின்புலத்தை அறிந்து அவர்தம் குறைகளைப் பரிவோடு மதிப்பிட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் தந்த விளக்கம். 2015-இல் அக்கடப்பாடு நீக்கப்பட்டது. பின்புலச் செய்தி உதவவும் கூடும் என்பதை இது காட்டுகிறது; ஆயினும் அதனை எழுத்திலும் தெரிவிக்கலாம் என்பதால், முதற்படிக் காணொளிக்கு இதை ஆதரவாகக் கொள்ள முடியாது.

கட்டமைப்பும் காப்பும்

சட்டங்களின் கவனம் இதுவரை பெரும்பாலும் இயந்திரத்தின் மீதே குவிந்துள்ளது. காணொளி நேர்காணலைச் செயற்கை நுண்ணறிவால் ஆராயும் முதலாளி, முன்னறிவிப்புத் தந்து ஒப்புதல் பெற வேண்டும் என்றும், கேட்டால் முப்பது நாளில் பதிவை அழிக்க வேண்டும் என்றும் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இல்லினாய் மாநிலச் சட்டம் விதிக்கிறது. முகபாவனைகளை ஆராய்ந்து வந்த ஹயர்வியூ நிறுவனம், அப்பகுதியைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. மனிதக் கண் காணொளியைப் பார்த்துக் கழிக்கும் செயலை இத்தகைய காப்புகள் தொடுவதில்லை.

ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹண்டரும் 1998-இல் தொகுத்த ஆய்வுமுடிவுகள் இங்குத் துணைசெய்கின்றன. பணித்திறனை முன்கணிக்கும் ஆற்றல், அனைவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் கட்டமைந்த நேர்காணலுக்கு 0.51 என்றும், கட்டமைப்பற்றதற்கு 0.38 என்றும் அவை மதிப்பிட்டன. காணொளித் தன்விவரத்தில் கேள்வியே இல்லை; ஒவ்வொருவரும் விரும்பியதைச் சொல்வதால் ஒப்பீட்டுக்கான அடிப்படையும் இல்லை. ஆகவே காணொளியை ஏற்கும் தளங்கள், எழுத்துவழித் தேர்வு முடியும்வரை அதைப் பூட்டி வைப்பதும், அனைவர்க்கும் ஒரே கேள்விகளையும் ஒரே கால அளவையும் வைப்பதும், பேச்சோ பார்வையோ தடையாக உள்ளோர்க்கு மாற்றுவழி அளிப்பதும், பதிவை அழிக்கும் நாளை முன்கூட்டியே அறிவிப்பதும் இன்றியமையாதவை. இந்நிபந்தனைகளுக்கு உட்படும் காணொளி, நேர்காணலின் ஒரு பகுதியாக, அதற்குரிய பொறுப்புகளோடு இயங்கும். இவற்றை ஏற்க மறுக்கும் தளம், சட்டம் புகைப்படத்திற்கு அனுமதிக்கத் தயங்கிய இடத்தை அசையும் படத்திற்குத் தாராளமாகத் திறந்துவிடுகிறது. அதனால் வரும் இழப்பை, கழிக்கப்பட்டதன் காரணத்தை ஒருபோதும் அறியாத விண்ணப்பதாரரே சுமக்கிறார்.