மிரா: மங்கி மீளும் சிவப்பு ராட்சத விண்மீனும் அதன் தொலைதூரத் துணையும்

சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் தன் இறுதிக் காலத்தில் எவ்வாறு மாறும் என்பதை அறிய வானியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் விண்மீன் மிரா. திமிங்கில விண்மீன் குழுவில் உள்ள இது, பூமியிலிருந்து ஏறத்தாழ 300 ஒளியாண்டுகள் தொலைவில் அமைந்துள்ளது.

கண்டறியப்பட்ட வரலாறு

1596 ஆகஸ்டில் டேவிட் ஃபேப்ரிசியஸ் என்ற மதகுரு இதனைக் கண்டார். பின்னர் அது மங்கி மறைந்ததால், தோன்றி அழிந்த விண்மீன் என எண்ணினார். ஆனால் 1609-இல் அதே இடத்தில் மீண்டும் அதைக் கண்டார். ஏறத்தாழ 11 மாதங்களுக்கு ஒருமுறை அது ஒளிர்ந்து மங்குவதை 1638-இல் நெதர்லாந்தின் ஹோல்வார்டா கண்டறிந்தார். 'வியப்புக்குரியது' எனப் பொருள்படும் மிரா என்ற லத்தீன் பெயரை 1662-இல் ஹெவேலியஸ் சூட்டினார்.

காரணம் என்ன?

மையத்திலுள்ள ஹைட்ரஜன் தீர்ந்ததால் பல நூறு மடங்கு பருத்துவிட்ட விண்மீன் இது. சுமார் 332 நாள்களுக்கு ஒருமுறை இது விரிந்து சுருங்குகிறது. அதற்கேற்ப இதன் ஒளி நூற்றுக்கணக்கான மடங்கு கூடிக் குறைகிறது.

துணை விண்மீன்

1923-இல் அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் ராபர்ட் எய்ட்கன் இதன் துணையைக் கண்டறிந்தார். அது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன் எனக் கருதப்படுகிறது. இரண்டுக்கும் இடையிலான தொலைவு, சூரியனுக்கும் நெப்டியூனுக்கும் உள்ள தொலைவைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். எனினும் மிரா உதிர்க்கும் வாயுவின் ஒரு பகுதியைத் துணை தன்பால் ஈர்க்கிறது. வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்பைக் கணக்கிட்ட இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி எடுத்து 2005-இல் வெளியான படத்தில், இவ்விரண்டையும் இணைக்கும் வாயுப் பாலம் தென்பட்டது.

13 ஒளியாண்டு நீள வால்

நொடிக்கு சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் மிராவின் பின்னால் 13 ஒளியாண்டுகள் நீளமுள்ள வால் இருப்பதை 2007-இல் நாசாவின் கேலக்ஸ் புறஊதா விண்கலம் வெளிப்படுத்தியது. சுமார் 30,000 ஆண்டுகளாக அவ்விண்மீன் உதிர்த்த பொருள் அதில் உள்ளது. இவ்வாறு வெளியேறும் கார்பன், ஆக்சிஜன் போன்ற தனிமங்கள் புதிய விண்மீன்களுக்கும் கோள்களுக்கும் மூலப்பொருளாகின்றன.

சூரியனின் எதிர்காலம்

ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்குப் பின் சூரியனும் இவ்வாறே பருத்து, புதன், வெள்ளி ஆகிய கோள்களை விழுங்கும். பூமி தப்புமா என்பதில் அறிவியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இறுதியில் சூரியனும் ஒரு வெண்குறு விண்மீனாகவே எஞ்சும்.

இந்தியாவில் காணலாமா?

வான நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நாடு முழுவதிலிருந்தும் மிராவைக் காணலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களின் முன்னிரவு இதற்கு ஏற்றது. உச்ச ஒளியில் இருக்கும் வாரங்களில் வெறும் கண்ணுக்கே புலப்படும். பிற நாள்களில் தொலைநோக்கி தேவைப்படும்.