கால்குலேட்டரில் தொடங்கிய விளையாட்டு



பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஏறி உட்கார்ந்தால், எதிர் சீட்டில் இப்படி ஒரு பையனைப் பார்க்கலாம். செல்போனின் இரண்டு பக்கமும் கைப்பிடி போல ஒன்றை மாட்டிக்கொண்டு, கட்டைவிரல்களால் குமிழைத் தள்ளியபடி இருப்பான். அதன் பெயர் கன்ட்ரோலர். நம் வீடுகளுக்குள்ளும் அது வந்துவிட்டது. "போன் போதாதென்று இது வேறா?" என்று கேட்கும் தாத்தா பாட்டிகளுக்கு அதன் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கதையும் ஒரு ரயிலில்தான் தொடங்குகிறது.

ஜப்பானில் நின்டென்டோ நிறுவனத்தில் குன்பே யோகோய் என்ற பொறியாளர் இருந்தார். புல்லட் ரயிலில் ஒரு பயணி பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தாராம். 'இதிலேயே ஒரு விளையாட்டு இருந்தால்?' என்று யோசித்தார். அப்போது கால்குலேட்டர் திரையும் சில்லும் மலிவாகக் கிடைத்தன. அவற்றை வைத்தே 1980இல் 'கேம் அண்ட் வாட்ச்' வந்தது. சட்டைப்பைக்குள் அடங்கும், மணியும் காட்டும். 1982இல் வந்த 'டாங்கி காங்' மாடலில் கூட்டல் குறி வடிவில் ஒரு பட்டன் வைத்தார். மேல், கீழ், இடம், வலம் நான்குக்கும் அது ஒன்றே போதும். இன்றைய கன்ட்ரோலர்களிலும் அந்தக் கூட்டல் குறி இருக்கிறது. வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 1989இல் அவருடைய குழு 'கேம் பாய்' கருவியைக் கொண்டுவந்தது. நான்கு பேட்டரி செல்களில் ஓடும் அந்தக் கருவி, அதன் வண்ணத்திரை மாடலையும் சேர்த்து, உலகெங்கும் 11 கோடிக்கு மேல் விற்றது.

நம் ஊர்ப்பக்கம் கேம் பாய் வைத்திருந்தவர்கள் அபூர்வம். நமக்கு வந்தது '9999 இன் 1' என்று அட்டையில் அச்சிட்ட, செங்கல் அடுக்கும் விளையாட்டுப் பெட்டி. பிறகு வந்தது செல்போன். நோக்கியா 6110 போனில் 1997இல் பாம்பு விளையாட்டைச் சேர்த்தவர் டனேலி அர்மான்டோ. 2, 4, 6, 8 என்ற எண்களே திசைகள். நடுவில் இருக்கும் 5இல் சிறு மேடு ஒன்று இருக்கும். வங்கியில் கூட்டல் போட்டவர்களுக்கு அந்த மேடு நன்றாகத் தெரியும். கண் வவுச்சரில் இருக்க, விரல் அதைத் தடவி எண்களைக் கண்டுபிடித்துவிடும். 2006 முதல் 2014 நவம்பர் வரை நோக்கியா போன்கள் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராயின.

2007இல் ஐபோன் வந்தபின் பட்டன்கள் மறையத் தொடங்கின. கண்ணாடித் திரையில் எல்லாம் வழவழப்பு. விரலுக்கு அடையாளம் இல்லை. போதாததற்கு, விளையாடும் கட்டைவிரலே திரையில் பாதியை மறைக்கிறது. ஆண்டாள் கோயில் பக்கம் பூக்கட்டுகிறவர்களைக் கவனியுங்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்க, விரல் தானாக முடிச்சுப் போடும். ராஜபாளையம் பஞ்சாலையில் அறுந்த நூலை இணைப்பவர்களின் விரலும் அப்படித்தான். நூல் விரலில் படுவதால் அது முடிகிறது. கண்ணாடியில் அது நடக்காது. அதனால்தான் தொலைந்துபோன பட்டனை வெளியிலிருந்து கொண்டுவந்து மாட்டுகிறார்கள். 2013இல் ஐபோன் மென்பொருளே கன்ட்ரோலரை ஏற்கத் தொடங்கியது. 2019 முதல் டிவியோடு இணைக்கும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களும் புளூடூத் வழியாக ஐபோனோடு இணைகின்றன. 2018இல் மைக்ரோசாப்ட், கை வசப்படாதவர்கள் முழங்கையாலோ காலாலோ அழுத்தி விளையாட, பெரிய பட்டன்கள் கொண்ட ஒரு கன்ட்ரோலரையே வெளியிட்டது.

ஆக, இந்தக் கருவிக்கு நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட பரம்பரை உண்டு. பார்த்ததும் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது வேறொன்று. ஆயுள் முழுக்க வரவு செலவு பார்த்தவன் என்பதால் அதைக் கணக்காகவே சொல்கிறேன்.

விளையாட்டில் பணம் மூன்று வழியாகப் போகிறது. முதலாவது, கன்ட்ரோலரோ சிறு கன்சோலோ வாங்கும் பணம். அது ஒருமுறைச் செலவு. இரண்டாவது, விளையாட்டுக்குள் உடை, ஆயுதம் என்று வாங்குவது. ஒவ்வொன்றும் சிறு தொகை. மாதக் கடைசியில் பாஸ்புக்கைப் பார்த்தால்தான் மொத்தம் தெரியும். மூன்றாவது, ஜெயித்தால் பணம் என்று பந்தயம் கட்டுவது. அதற்கு அடிமட்டமே இல்லை. குடும்பங்கள் அழிந்தது இதில்தான். இதைத் தடுக்க நம் சட்டமன்றம் 2022 அக்டோபரில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றியது, அது சட்டமானது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸ் எனும் திறமைப் போட்டிகளை அங்கீகரிக்கிறது. சட்டமே பிரித்துப் பார்ப்பதை வீட்டில் நாமும் பிரித்துப் பார்க்க வேண்டாமா? எல்லாவற்றையும் ஒரே குரலில் திட்டினால், பையன் மூன்றாவது வகையில் மாட்டிக்கொள்ளும் நாளில் நம்மிடம் வந்து சொல்ல மாட்டான்.

வாங்குமுன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். எல்லா விளையாட்டும் கன்ட்ரோலரை ஏற்காது. 'கால் ஆஃப் டியூட்டி மொபைல்' ஏற்கும். ஏற்காதவற்றில் குறுக்குவழி மென்பொருள் போட்டு விளையாடினால் கணக்கே முடக்கப்படலாம். 'பல்லாயிரம் விளையாட்டு உள்ளே' என்று மலிவாக விற்கும் சிறு கன்சோல்களில், அந்த விளையாட்டுகள் பெரும்பாலும் உரிமையாளர் அனுமதி இல்லாத நகல்கள்.

அடுத்த முறை பேரன் கன்ட்ரோலருடன் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். "இதில் பணம் கட்ட வேண்டுமா, கட்டினால் எதற்கு?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். கூடவே அந்தக் கூட்டல் குறிப் பட்டன் கால்குலேட்டரிலிருந்து வந்த கதையையும் சொல்லுங்கள். உங்கள் கேள்விக்கு அவனிடமிருந்து ஒளிவுமறைவில்லாத பதில் கிடைக்கும்.