எலுமிச்சம்பழத்துக்குள் மாட்டிய ஆல்பம்: யூ2-வின் 'பாப்'

1997 பிப்ரவரி 12. இடம் நியூயார்க், மன்ஹாட்டன். கேமார்ட்னு ஒரு கடை. சோப்பு, செருப்பு, பிளாஸ்டிக் வாளின்னு எல்லாமே மலிவா கிடைக்கிற கடை. அங்கே, உள்ளாடைகள் விக்கிற பகுதியில, மைக் வச்சு நாலு பேர் நிக்கிறாங்க. அயர்லாந்துக்காரங்க. அப்போ உலகத்துலயே பெரிய ராக் பேண்டுகள்ல ஒண்ணான யூ2. எதுக்கு வந்திருக்காங்க? உலகச் சுற்றுப்பயணத்தை அறிவிக்க. டூருக்குப் பேரு 'பாப்மார்ட்'. அடுத்த மாசம் வரப்போற ஆல்பத்துக்குப் பேரு 'பாப்'.

பத்திரிகைக்காரங்க சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பை இவங்களே திட்டம் போட்டுத்தான் வரவழைச்சாங்க. ஆனா அதுக்கப்புறம் பல வருஷமா அந்த ஆல்பத்தைப் பார்த்து ஊரே சிரிச்சது அவங்க திட்டத்துல இல்ல.

இன்னைக்கு எபிசோட் அந்த ஆல்பத்தைப் பத்தித்தான். முன்னாடியே சொல்லிடறேன், நான் இந்த ஆல்பத்தோட ரசிகன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே, அதை மனசுல வச்சுக்கிட்டே கேளுங்க. என் கட்சி இதுதான்: 'பாப்' முடிக்கப்படாத ஆல்பம், அதை நான் மறுக்கல. ஆனா அது விளையாட்டுத்தனமான ஆல்பம்னு சொல்றது தப்பு. யூ2 போட்ட ஆல்பங்கள்லயே துக்கம் அதிகமா இருக்கிற ஒண்ணு இதுதான்.

ராக் பேண்டுக்கு எதுக்கு டான்ஸ் மியூசிக்?

கொஞ்சம் பின்னாடி போவோம். 1987-ல 'தி ஜோஷுவா ட்ரீ' வந்தது. பாலைவனம், கறுப்பு வெள்ளைப் படங்கள், உலகத்தைக் காப்பாத்தப் போற மாதிரி நாலு முகங்கள். அந்த ஆல்பம் அவங்களை உச்சத்துக்குக் கொண்டுபோச்சு. கூடவே, 'இவங்க ரொம்பத்தான் சீரியஸ்' அப்படிங்கற கிண்டலும் வந்தது. அதுலேருந்து தப்பிக்க பெர்லின் போய் உட்கார்ந்து, 1991-ல 'ஆக்டுங் பேபி' கொடுத்தாங்க. பழைய யூ2-வை அவங்களே உடைச்சுப் போட்டாங்க. 1993-ல வந்த 'ஜூரோப்பா' இன்னும் ஒரு படி தள்ளிப் போச்சு.

90-களோட நடுவுல பிரிட்டன்ல இசை வேற பக்கம் திரும்பியிருந்தது. மாஸிவ் அட்டாக், தி பிராடிஜி, கெமிக்கல் பிரதர்ஸ், அண்டர்வேர்ல்டு. கிட்டார் இருந்த இடத்துல சாம்ப்ளரும் லூப்பும் வந்து உட்கார்ந்துருச்சு. லூப்னா, ரெண்டு மூணு விநாடி தாளத்தை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதுமேல பாட்டைக் கட்டறது. யூ2-வுக்கு இந்த உலகத்துக்குள்ள போகணும்னு ஆசை. மாஸிவ் அட்டாக் கூட வேலை செஞ்ச நெல்லி ஹூப்பர் ஆரம்பத்துல வந்தார். அப்புறம் ஃபிளட், ஸ்டீவ் ஆஸ்போர்ன், டிஜே ஹவீ பி.

இந்தச் சமயத்துல ஒரு சிக்கல். டிரம்மர் லாரி மல்லனுக்கு முதுகுல அறுவை சிகிச்சை. அவர் இல்லாத நேரத்துல மத்தவங்க லூப்புகளை வச்சு வேலையை ஆரம்பிச்சுட்டாங்க. அவர் திரும்பி வந்தப்போ, ஏற்கெனவே தாளம் இருக்கிற பாட்டுகளுக்குள்ள அவருக்கு ஒரு இடம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மெஷினும் மனுஷனும் ஒரே பாட்டுல எப்படிச் சேர்ந்து வாசிக்கிறது? ஆல்பம் முழுக்க இந்த இழுபறியைக் கேக்கலாம். சில பாட்டுல அதுதான் அழகு. சில பாட்டுல அதுதான் பிரச்சினை.

முதல்ல தேதி, அப்புறம் படம்

நம்ம ஊர்ல ஒரு பழக்கம் உண்டே. தீபாவளி ரிலீஸ்னு போஸ்டர் ஒட்டிடுவாங்க, ஷூட்டிங் பாதிதான் முடிஞ்சிருக்கும். யூ2-வுக்கும் அதுதான் நடந்தது. மேனேஜர் பால் மெக்கின்னஸ், பேண்டோட சம்மதத்தோட, ஸ்டேடியங்களை முன்கூட்டியே புக் பண்ணிட்டார். 1997 ஏப்ரல் 25, லாஸ் வேகாஸ்ல முதல் ஷோ. அந்தத் தேதி நகராது.

1996 கிறிஸ்துமஸுக்கு வரவேண்டிய ஆல்பம் வரல. 1997 மார்ச் 3-க்குத் தள்ளிப்போச்சு. கடைசி நிமிஷம் வரைக்கும் மிக்ஸிங்ல மாத்திக்கிட்டே இருந்தாங்க. டூருக்காக ஒத்திகை பார்க்க வேண்டிய நாட்களையும் ஸ்டூடியோவே சாப்பிட்டுருச்சு. விளைவு என்னன்னா, லாஸ் வேகாஸ்ல தடுமாறினாங்க. உலகம் முழுக்கப் பத்திரிகைக்காரங்க வந்திருந்த ராத்திரி அது.

இது நான் ரசிகனா சொல்ற சாக்கு இல்ல. பேண்டே அப்படித்தான் நடந்துக்கிட்டாங்க. 'ப்ளீஸ்', 'லாஸ்ட் நைட் ஆன் எர்த்' பாட்டுகள் சிங்கிளா வந்தப்போ வேற வடிவத்துல வந்தது. 2002-ல தொகுப்பு ஆல்பம் போட்டப்போ 'டிஸ்கோதேக்', 'ஸ்டேரிங் அட் தி சன்', 'கான்' மூணையும் மறுபடி மிக்ஸ் பண்ணிப் போட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சும் அந்த வேலை அவங்க மனசுல முடியல.

மினுமினுப்புக்கு அடியில

முதல் சிங்கிள் 'டிஸ்கோதேக்'. வீடியோவுல நாலு பேரும் விலேஜ் பீப்பிள் மாதிரி வேஷம் போட்டு ஆடுறாங்க. மக்கள் பார்த்தது அதைத்தான். 'சரி, இவங்க காமெடி பண்றாங்க'ன்னு முடிவு பண்ணிட்டாங்க.

ஆனா மூணாவது பாட்டு 'மோஃபோ'வைக் கேளுங்க. ஆல்பத்துலயே ரொம்ப வேகமான, இரைச்சலான டெக்னோ. அதுக்குள்ள போனோ யாரைத் தேடறார் தெரியுமா? அம்மாவை. 1974-ல, தாத்தாவோட இறுதிச் சடங்குல அவரோட அம்மா ஐரிஸ் மயங்கி விழுந்தாங்க. சில நாள்ல இறந்துட்டாங்க. போனோவுக்கு அப்போ 14 வயசு. 23 வருஷம் கழிச்சு, அந்த இழப்பைச் சோகமான பியானோ பாட்டா பாடாம, கிளப்ல ஓடுற தாளத்துமேல வச்சுக் கத்தறார். கூட்டத்துக்கு நடுவுல ஆடிக்கிட்டே அழறதுன்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு இந்தப் பாட்டு புரியும்.

மொத்தம் 12 பாட்டு. முதல் பாட்டு பார்ட்டி. நடுவுல பணம், விளம்பரம், புகழ். கடைசிப் பாட்டு 'வேக் அப் டெட் மேன்', 'எங்கே இருக்கே, எழுந்து வா'ன்னு இயேசுவைக் கூப்பிடற பிரார்த்தனை. ராத்திரி கிளப்புக்குள்ள போன ஒருத்தன், விடியற்காலையில காது இரைச்சலோட தனியா வெளியே வந்து நிக்கிற மாதிரி. வரிசையா கேட்டாதான் இது தெரியும்.

குறையும் சொல்லிடறேன். 'மியாமி' எனக்கே பிடிக்காது. 'தி பிளேபாய் மேன்ஷன்' ஒரே நகைச்சுவையை நீட்டி இழுக்குது. சில பாட்டுல சத்தத்துமேல சத்தம் அடுக்கி, நல்ல மெட்டை மூடி வச்சிருக்காங்க.

ஒரு அட்டைப்படம், நாலு முகம்

இப்போ வரலாற்றுக்கு வருவோம். 'ப்ளீஸ்' பாட்டு வட அயர்லாந்தைப் பத்தினது. 1994-ல ஐஆர்ஏ போர் நிறுத்தம் அறிவிச்சது. 1996 பிப்ரவரியில லண்டன் டாக்லாண்ட்ஸ்ல குண்டு வெடிச்சது, ரெண்டு பேர் இறந்தாங்க, போர் நிறுத்தம் போச்சு. ஆல்பம் உருவானது அந்த நேரத்துல. மண்டியிட்டுக் கெஞ்சற தொனியில ஒரு பாட்டு. 1997-ல சிங்கிளா வந்தப்போ அட்டையில நாலு அரசியல் தலைவர்கள் முகம்: ஜெரி ஆடம்ஸ், டேவிட் டிரிம்பிள், இயன் பெய்ஸ்லி, ஜான் ஹ்யூம். எதிரெதிர் துருவங்கள். அன்னைக்கு இந்த நாலு பேரையும் ஒரே இடத்துல பார்க்கறதே அபூர்வம்.

அதே 1997, செப்டம்பர் 23. சராயேவோ. கிட்டத்தட்ட நாலு வருஷ முற்றுகை முடிஞ்சு ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. 1993-ல யூ2 தங்களோட கச்சேரி மேடைகள்லேருந்து சாட்டிலைட் வழியா அந்த ஊர் மக்களோட பேசியிருக்காங்க. ஒருநாள் நேர்ல வந்து வாசிப்போம்னு சொன்னதை இப்போ காப்பாத்தினாங்க. எந்த மேடையோட? கேலி பண்ணப்பட்ட அதே பாப்மார்ட் மேடையோட. பிரம்மாண்ட மஞ்சள் வளைவு, அதுவரை யாரும் பார்க்காத அளவு பெரிய எல்ஈடி திரை, 40 அடி உயரத்துல கண்ணாடி பதிச்ச எலுமிச்சம்பழம். எல்லாத்தையும் லாரியில ஏத்திக்கிட்டு வந்தாங்க. கோஷெவோ ஸ்டேடியத்துல சுமார் 45,000 பேர். போஸ்னியாக்குகள், செர்பியர்கள், குரோஷியர்கள் ஒண்ணா நின்னாங்க. போர்ல நின்னுபோன ரயிலைக் கச்சேரிக்காக ஓட்டினாங்க.

அன்னைக்கு போனோவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. குரலே வரல. கூட்டம் பாடுச்சு. 'சண்டே பிளடி சண்டே'யை எட்ஜ் மட்டும் தனியா, ஒரு கிட்டாரோட மெதுவா பாடினார். டெக்னிக்கலா பார்த்தா சுமாரான கச்சேரி. ஆனா அந்த ஊருக்கு அது வெறும் கச்சேரி இல்ல. மத்த ஊர்களுக்கு வர்ற மாதிரி நமக்கும் ஒரு பேண்டு தன்னோட முழு மேடையையும் தூக்கிக்கிட்டு வருது, நாமளும் சாதாரண ஊர் ஆயிட்டோம்னு அவங்க நம்பறதுக்கு ஒரு ராத்திரி.

1998 மே 19, பெல்ஃபாஸ்ட், வாட்டர்ஃபிரண்ட் ஹால். சமாதான ஒப்பந்தத்துக்கு ஆதரவு திரட்டற கச்சேரி. போனோ ரெண்டு தலைவர்களை மேடைக்குக் கூப்பிட்டு, ரெண்டு பேர் கையையும் பிடிச்சுத் தூக்கினார். ஜான் ஹ்யூம், டேவிட் டிரிம்பிள். அந்த அட்டையில இருந்த நாலு பேர்ல ரெண்டு பேர். மூணு நாள் கழிச்சு நடந்த வாக்கெடுப்புல வட அயர்லாந்துல 71 சதவீதம் பேர் 'சரி'ன்னு ஓட்டுப் போட்டாங்க. அந்த வருஷம் நோபல் அமைதிப் பரிசும் இவங்க ரெண்டு பேருக்கும்தான். பாட்டு பாடி சமாதானம் வந்துருச்சுன்னு நான் சொல்ல வரல. அதுக்கு உயிரைப் பணயம் வச்சவங்க வேற. ஆனா 'விளையாட்டு ஆல்பம்'னு பேர் வாங்கின ஒண்ணு எந்த உலகத்துல உருவாச்சுன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.

பின்பக்கக் கதவு

2000-ல யூ2 பழைய பாணிக்குத் திரும்பினாங்க. 'ஆல் தட் யூ கான்ட் லீவ் பிஹைண்ட்' பெரிய வெற்றி. அதுக்கப்புறம் 'பாப்' பாட்டுகள் மேடையில கொஞ்சம் கொஞ்சமா அபூர்வமாச்சு. ரசிகனா என் மனத்தாங்கல் இதுதான். விமர்சகர்கள் ஒதுக்கினதை ஏத்துக்கலாம். பெத்தவங்களே 'அது சரியா வரல'ன்னு விட்டுட்டா எப்படி? அதுக்கப்புறம் அவங்க நல்ல பாட்டு நிறைய கொடுத்தாங்க. ஆனா சொந்தப் பேரையே பணயம் வைக்கிற அந்தத் துணிச்சலை மறுபடி நான் பார்க்கல.

அந்த டூர்ல ஓஸ்லோவுல ஒரு சம்பவம். பேண்டு அந்த எலுமிச்சம்பழத்துக்குள்ளேருந்துதான் இறங்கி வரணும். பழம் திறக்கல. கடைசியில நாலு பேரும் பின்பக்க அவசர வழியா வெளியேறி வந்தாங்க. 'பாப்' பத்தி யார் பேசினாலும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். ஆனா சிரிச்சு முடிச்சதும் எனக்கு ஒண்ணு தோணும்: அவங்க வெளியே வந்துட்டாங்க, பாட்டுதான் இன்னும் உள்ளேயே இருக்கு.

இன்னைக்கு ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு ஒரு தடவை கேளுங்க. 'டிஸ்கோதேக்'ல ஆரம்பிக்காதீங்க. 'மோஃபோ', 'கான்', 'ப்ளீஸ்', 'வேக் அப் டெட் மேன்' - இந்த நாலு மட்டும், இதே வரிசையில. பிடிக்கலைன்னா என்னைத் திட்டுங்க. பிடிச்சிருந்தா முழு ஆல்பத்துக்கும் போங்க, 'மியாமி'யைத் தாண்டிக்கலாம், தப்பில்ல.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.