கொல்லன் உலையும் கோட்டைச் சட்டமும்

இராயபுரத்துக்குத் தெற்கே, நடக்கும் தொலைவில் நிற்கிறது புனித ஜார்ஜ் கோட்டை. நாட்டுத் துப்பாக்கி வழக்குகளின் வேரை அங்கேதான் தேட வேண்டும் என்பது என் எண்ணம். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டு இரண்டு மாதங்கூட ஆகாத 1801 டிசம்பரில், சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் தென்பாளையங்களில் குடிகள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தார். மீறியோர்க்கு மரண தண்டனையும் உண்டு. (இவர் ராபர்ட் கிளைவின் மகன். நம் பாடநூல்கள் தந்தையோடு நின்றுவிடுகின்றன.)

1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உரிமம் என்ற பெயரில் அக்கட்டுப்பாட்டை நாடெங்கும் விரித்தது. ஐரோப்பியருக்கு அதில் விலக்கு, குடகருக்கும் விலக்கு. நிறபேதத்தை 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. பயிர்க்காவலுக்காக, குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கும் உழவருக்கு உரிமம் தர அதன் 13ஆம் பிரிவு வழிசெய்கிறது. அதே துப்பாக்கியை உரிமமின்றிச் செய்து கொடுத்த கொல்லருக்கோ, 2019 திருத்தத்தின்படி குறைந்தது 7 ஆண்டு, கூடினால் ஆயுள் சிறை. முன்பு அது 3 முதல் 7 ஆண்டாக இருந்தது.

கடுமையே வேண்டாம் என்பதல்ல என் வாதம். கள்ளச் சந்தைக்குக் கைத்துப்பாக்கி செய்து குவிக்கும் பட்டறையையும், காட்டுப்பன்றிக்கு அஞ்சி ஒற்றைக் குழலைப் பொருத்தியவனையும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையால் அளப்பது எந்த நியாயம்? குடகரின் விலக்கு மட்டும் 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.