விஸ்வநாததாஸ்

விஸ்வநாததாஸ் (1886–1940): நாடக நடிகர், பாடகர், விடுதலைப் போராளி. சிவகாசியில் பிறந்தார், திருமங்கலத்தில் வாழ்ந்தார்.

'வள்ளி திருமணம்' நாடகத்தில் முருகனாக வருவார். தினைப்புனத்தில் வள்ளி பறவைகளை விரட்டும் காட்சிதான் ஆங்கில ஆட்சியைச் சாட அவருக்கு வாய்ப்பு. 'கொக்கு பறக்குதடி' பாட்டில் வெள்ளைக் கொக்கு என்றால் வெள்ளைக்காரன். கூட்டத்துக்கும் புரியும், மேடையோரம் நிற்கும் போலீசுக்கும் புரியும். மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாடல்களையும் பாடினார். கைதாவார், வெளியே வந்ததும் மீண்டும் அதையே பாடுவார். புராண வேடம் அவருக்கு ஒளிவிடம் அல்ல, ஒலிபெருக்கி.

முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவருடன் நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. கைதட்டிய ஊர்தான் இந்த அவமதிப்பையும் தந்தது.

1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது.

திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் இருக்கிறது. சிவகங்கை, காரைக்குடி வட்டாரக் கோயில் திருவிழாக்களில் அவர் நடித்த அந்த வள்ளி திருமணம் இன்றும் விடிய விடிய நடக்கிறது.