ஈ அடிக்கும் ரப்பர்

ஜெகதாப்பட்டினத்துக் கடற்கரையில் கருவாடு காயும் இடத்தில் ஈக்களுக்குக் குறைவில்லை. அங்கே ஒரு முறை இரண்டு பையன்களைப் பார்த்தேன். குச்சியின் நுனியில் ரப்பர் வளையத்தை மாட்டி, இழுத்துவிட்டு, ஈக்களைக் குறி தப்பாமல் வீழ்த்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் சண்டை ஈயோடு அல்ல. "இது என் யோசனைடா!" "போடா, நான்தானே முதல்லே செஞ்சேன்!" என்று அவர்களுக்குள்ளேதான்.

அந்த ரப்பருக்கே இப்படி ஒரு வழக்கு உண்டு.

பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கடனுக்காகச் சிறைக்கும் போய் வந்த சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், 1839-ல், கந்தகம் கலந்து சூடுபடுத்தினால் ரப்பர் நிலைத்து நிற்கும் என்று கண்டார். இங்கிலாந்தில் பேடண்ட் எடுக்காமலே, மாதிரித் துண்டுகளை மட்டும் அங்கே அனுப்பி ரகசியத்தை விலை பேசினார். அந்தத் துண்டுகள் தாமஸ் ஹான்காக் கைக்குப் போயின. அவற்றில் லேசாகக் கந்தக வாடை வீசிற்று. ஹான்காக் தம் பட்டறையில் பாடுபட்டு, 1843 நவம்பர் 21-ல் பேடண்டுக்கு எழுதிப் போட்டார். குட்இயர் விழித்துக்கொண்டு விண்ணப்பம் செய்தது 1844 ஜனவரியில். சில வாரங்கள்தான் தாமதம்!

விவகாரம் கோர்ட்டுக்கு வந்தபோது, துண்டை வைத்துக்கொண்டு செய்முறையைக் கண்டுபிடிக்க முடியாது என்று ரசாயன நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். ஹான்காக் ஜெயித்தார். எனக்கென்னவோ, ரசத்தை முகர்ந்தே பெருங்காயம் விழுந்ததா இல்லையா என்று சொல்லும் நம் வீட்டுப் பாட்டி ஒருத்தியைக் கூண்டில் ஏற்றியிருந்தால் தீர்ப்பு வேறாகியிருக்கும் என்று தோன்றுகிறது. 1860-ல் குட்இயர் இறந்தபோது கடன் சுமார் இரண்டு லட்சம் டாலர். 1898-ல் தொடங்கிய டயர்க் கம்பெனி அவர் பெயரை வைத்துக்கொண்டதே தவிர, அவர் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரப்பர் வளையத்துக்கு 1845-ல் பேடண்ட் வாங்கிய ஸ்டீபன் பெர்ரி மூன்றாவது மனிதர்.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. கடைசல் பிடிக்கையில் பாத்திரத்தைப் பற்றிக்கொள்ளும் ஓர் அமைப்புக்கு இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் 1951-லிருந்து செல்லும்படியாக பேடண்ட் பெற்றது. பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் என்ற நிறுவனத்தார் அதே முறையைக் கையாண்டதாக வழக்கு. தொழிலாளிக்குப் பழக்கமான சாதனத்தில் செய்த சில்லறை மாற்றம் கண்டுபிடிப்பு ஆகாது என்று 1978 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் பேடண்டைத் தள்ளிற்று. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் 1911-ஆம் வருஷச் சட்டப்படி ஒரு பேடண்டின் ஆயுளே பதினாறு வருஷம். தீர்ப்பு வந்தது இருபத்தேழாவது வருஷம்.